பெரிய டயருக்கு எந்த கியர்

ஆர்டித்: ...மூணு... மூணரை... நிறுத்து, நிறுத்து! மூணே முக்கால். டயர்ல போட்ட கோடு உன் மூக்குக்கு நேரா வந்தாச்சு, இன்னும் டயரை உருட்டிக்கிட்டே இருக்கியே!

ஹார்லன்: நினைப்பு வேற எங்கயோ போயிடுச்சு. மூணே முக்கால்தானா, நிச்சயமா?

ஆர்டித்: சாக்பீஸ்ல கோடு போட்டு எண்ணினவகிட்டயே நிச்சயமாங்கற. டயர் ஒரு தடவை சுத்தினா, எஞ்சின்லேருந்து வர இந்தத் தண்டு மூணே முக்கால் தடவை சுத்துது. அது சரி, எப்பவும் நீதானே அடியில படுத்து எண்ணுவ? இன்னிக்கு என்னை அட்டை மேல படுக்க வெச்சிட்டு, மகாராஜா மேல உக்காந்திருக்காரு!

ஹார்லன்: முதுகு வலி.

ஆர்டித்: நேத்து மூட்டு வலின்ன.

ஹார்லன்: அது எடம் மாறிடுச்சு. நகரு, நானும் படுத்துக்கறேன்.

ஆர்டித்: முதுகு?

ஹார்லன்: இப்ப இல்ல.

ஆர்டித்: நல்ல ஆளு... சரி வா. ஜீப்புக்கு அடியில படுத்துக்கிட்டு பனி விழறதைப் பாத்திருக்கியா? ஷெட்டுக் கதவு வழியா... என்னமோ நாமதான் மெதுவா மேல போற மாதிரி இருக்கு.

ஹார்லன்: ம்... சொல்லு. பாறையெல்லாம் எப்பிடி இருக்கு?

ஆர்டித்: செவப்புப் பாறை, மேல மட்டும் வெள்ளை. கேக்குல சர்க்கரை தூவின மாதிரி.

ஹார்லன்: இன்னும் சொல்லு.

ஆர்டித்: ஒரு காக்கா. அதுக்கும் வேலை வெட்டி இல்ல போல. சும்மா உக்காந்திருக்கு.

ஹார்லன்: நல்லா இருக்கு... பார்ட்ஸ் விக்கற ரஸ் கடையை மூடறதுக்குள்ள எந்த கியர்னு போன்ல சொல்லணும். இன்னிக்கு விட்டா பாகம் வர வசந்த காலமே போயிடும்.

ஆர்டித்: பழைய டயரு அது பாட்டுக்கு இருந்துச்சு. முப்பத்தஞ்சு இன்ச் வேணும்னு குதிச்ச. இப்ப பாவம், எஞ்சின் சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்குது.

ஹார்லன்: அதான் கியரை மாத்தறோமே. அஞ்சு புள்ளி ஒண்ணு மூணு போடலாம். டயர் ஒரு சுத்துக்குத் தண்டு அஞ்சு சுத்துக்கு மேல, மெதுவாப் போனாலும் நல்லா இழுக்கும். முன்னாடி ஆக்ஸில், பின்னாடி ஆக்ஸில், ரெண்டுக்கும் அதே.

ஆர்டித்: அதைப் போட்டு ஹைவேல போனா எஞ்சின் கத்தற கத்துல நீ பேசறதே கேக்காது... யோசிச்சா அதுவும் லாபம்தான்.

ஹார்லன்: ஹைவேக்கு யாரு போறா?

ஆர்டித்: நாம போறோம். நாலு புள்ளி அஞ்சு ஆறு போடு. அலுங்காம ஓரிகன் வரைக்கும் போயிடலாம். கடலைப் பாக்கலாம்.

ஹார்லன்: கடலா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நீ கடல்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

ஆர்டித்: இப்ப சொல்றேன். சாயங்காலமாப் போய்ச் சேரணும். டயர்ல காத்தைக் குறைச்சிட்டு, ஈர மணல்ல... அலை வந்து சக்கரத்தை நனைச்சிட்டுப் போகும். தண்ணி முழுக்க வெளிச்சம். நீ ஜன்னல்ல கையை வெச்சுக்கிட்டு, பாத்துக்கிட்டே...

ஹார்லன்: நான் பாத்துக்கிட்டு வந்தா, வண்டியை யாரு ஓட்டறது?

ஆர்டித்: ...ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஹார்லன்: ம்... நானும் ஒண்ணு நினைச்சு வெச்சிருக்கேன். அஞ்சு புள்ளி ஒண்ணு மூணு போட்டா, முதல் கியர்ல விட்டுட்டு காலை எடுத்துடலாம். வண்டி தானாவே பாறை மேல ஊர்ந்து ஏறும். பக்கத்துல நடக்கறவன் நம்மைத் தாண்டிப் போயிடுவான். பயமா இருந்தா நிறுத்திட்டு இறங்கு, டயர் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாரு, ஏறி உக்காரு. கிளட்சை மிதிக்காம கியர்லயே சாவியைத் திருப்பு. பின்னால உருளவே உருளாது. கிளட்ச் பழகாதவங்க கூட...

ஆர்டித்: யாரு அது, கிளட்ச் பழகாதவங்க?

ஹார்லன்: பொதுவாச் சொன்னேன்.

ஆர்டித்: இந்த மோவாப் ஊர்லயே கிளட்ச் தெரியாதவ நான் ஒருத்திதான். நீ ஓட்டுவ, நான் முன்னாடி நடந்து கை காட்டுவேன்... இடது, வலது, நில்லு. நான் எதுக்கு வண்டியிலேருந்து இறங்கிக் குனிஞ்சு பாக்கணும்?

ஹார்லன்: அந்தச் சாக்பீஸை இப்பிடிக் குடு.

ஆர்டித்: சொல்லேன்.

ஹார்லன்: அந்த சாக்பீஸ் கோடு... எனக்குத் தெரியல, ஆர்டித். நேரா எதைப் பாத்தாலும் நடுவுல புகை மாதிரி அடைச்சுக்குது. ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியுது. போனது திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

ஆர்டித்: ம்.

ஹார்லன்: இனிமே ரோட்டுலயும் பாறையிலயும் நீதான் ஓட்டணும். உனக்குப் பயம்னு தெரியும். அதுக்குத்தான் அவ்வளவு மெதுவான கியரு. நான் பக்கத்துல உக்காந்து டயர் பாறையைப் பிடிக்கற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வருவேன். வீட்டுக்குள்ள மட்டும் என்னை உக்கார வெச்சிடாதே. என்னால முடியாது.

ஆர்டித்: யாரு உன்னை உக்கார வெக்கறா? கண்ணைத் துடை. நான் மட்டும் கடலை எனக்காகவா கேட்டேன்? அந்தப் புகை முழுசா மூடறதுக்குள்ள உனக்கு ஒரு தடவை காட்டணும்னுதான்.

ஹார்லன்: ஆக... உனக்குத் தெரியும்!

ஆர்டித்: ரஸ்ஸுக்குப் போன் பண்ணி, ரெண்டுக்கும் நடுவுல நாலு புள்ளி எட்டு எட்டுன்னு சொல்லு. பாறைக்கும் ஆச்சு, கடலுக்கும் ஆச்சு. பயத்தை நான் பாத்துக்கறேன்.

ஹார்லன்: பேச்சை மாத்தாதே. எப்பத் தெரியும்?

ஆர்டித்: போன கோடையில.

ஹார்லன்: பைத்தியமா உனக்கு? கண்ணு தெரியாதவன் ஓட்டற வண்டிக்கு முன்னாடியா இத்தனை நாளா நடந்த?

ஆர்டித்: வேற யாரை நிக்க வெக்கறது? உனக்கு ஓரத்துல தெரியுதுன்னு கண்டுபிடிச்சு ஓரமாத்தான் நின்னேன். ரோட்டு வேலைக்காரங்க போடற அந்த ஆரஞ்சுக் கையுறையை எதுக்கு மாட்டிக்கிட்டேன்னு நினைச்ச?

ஹார்லன்: குளிருக்குன்னு நினைச்சேன்.

ஆர்டித்: ஆகஸ்ட் மாச வெயில்லயா, ஹார்லன்?