மேனேஜருக்கு ஒரு பாலிசி

– மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க சார், எப்படி மூச்சு வாங்குது பாருங்க. முதல்ல உட்காருங்க.

– லிஃப்ட் ரிப்பேரும்மா, வேற ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வர்றதா இவ சொன்ன இன்சூரன்ஸ் ஏஜென்ட் நீங்கதானே? நம்ம பூனை மேனேஜருக்கு நல்ல பாலிசியா ஒண்ணு சொல்லுங்க.

– மேனேஜரா?

– நாள் பூரா தூங்குவான், எழுந்தா குறை சொல்லுவான். வேற என்ன பேர் வைக்கிறது?

– ரெண்டு பிளான் இருக்கு சார். சின்னதுல அடிபட்டா மட்டும்தான். பெரியதுல ஆபரேஷன், ஸ்கேன், பல்லு எல்லாம் வரும்.

– பெரியதே போடுங்க. உசுரு விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணலாமா?

– ஏங்க, இதையேதானே நான் உங்களுக்குச் சொன்னேன்? "எனக்கென்ன கேடு"ன்னு எரிஞ்சு விழுந்தீங்க.

– பாத்தீங்களாம்மா என் வீட்டுக்காரியை? எதுல கொண்டு போய் எதைக் கோக்கறா! அடியே, அது வாயில்லா ஜீவன். வலிச்சா சொல்லத் தெரியாது.

– உங்களுக்கு வாய் இருக்கே. போன வாரம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம்ல உட்கார்ந்தப்போ என்ன சொன்னீங்க?

– அது வெறும் வாயு. விடு.

– மூணு தடவை டெஸ்ட்டுக்கு நாள் வாங்கினேன், மூணு தடவையும் டிமிக்கி கொடுத்தீங்க. எனக்குப் பயமா இருக்குங்க.

– வந்தவங்க முன்னாடி மூக்கைச் சிந்தாத. நீங்க சொல்லுங்கம்மா.

– பாலிசிக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும் சார். ஊசின்னா பயமில்லையே?

– பயந்தா விட்டுடறதா? டவலைச் சுத்தி, கண்ணைப் பொத்தி, காலை அமுக்கிப் பிடிச்சா ஒரு நிமிஷ வேலை. பயத்துக்கு இடம் கொடுத்தா வியாதி உள்ளேயே குடித்தனம் பண்ணிடும்.

– ரொம்ப கரெக்ட் சார். பென்சில்ல குறி போட்ட இடத்துலெல்லாம் கையெழுத்துப் போடுங்க.

– ஏங்க, ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்.

– ஃபாரத்தை நீதானே எழுதின? உன் கோழிக்கிறுக்கலை எவன் படிப்பான்? இந்தாங்கம்மா, நாலு இடத்துலயும் போட்டாச்சு. ஏய், பெல் அடிக்குது, யாருன்னு பாரு.

– ரத்தம் எடுக்க வந்திருக்காருங்க.

– அடடே, அதுக்குள்ளயா! மேனேஜர் கட்டிலுக்கடியில இருப்பான், இழுத்துட்டு வா.

– அவனுக்குப் போன மாசமே எடுத்து, பாலிசியும் கைக்கு வந்தாச்சு. நீங்க கையெழுத்துப் போட்டது உங்க பாலிசி ஃபாரத்துல. டவல் கொண்டு வரட்டுமா, இல்ல கண்ணை மட்டும் பொத்தினா போதுமா?