நாலரை மணித் துடிப்பு

எனக்கு கேக் பிடிக்காது, வக்கீலம்மா. அந்த க்ரீம் வாசமே ஆகாது. ஆனாலும் கனிஷ்காவின் இரண்டாவது பிறந்தநாளுக்கு நானே போய் ஒரு கிலோ வாங்கினேன். அதை ஏன் வாங்கினேன் என்று சொன்னால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

குழந்தையின் அம்மா அன்னக்கிளி சங்கரன்கோவில் பக்கம். இங்கே ஒயர் கம்பெனி லைனில் வேலை. புருஷன் பேச்சிராஜுக்கு இன்னொரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. பென்னலூரில் ஒற்றை அறை. பிரசவத்துக்கு நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

வலியில் இருப்பவளின் வயிற்றில் அரைமணிக்கு ஒருமுறை கருவியை வைத்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு எழுத வேண்டும். பகல் ஒரு மணிக்குக் கேட்டேன். நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதை எத்தனை தடவைதான் கேட்பது? தாளில் நாலரை வரைக்குமான கட்டங்களை அப்போதே நிரப்பிவிட்டேன். நூற்று நாற்பது, நூற்று நாற்பத்துநான்கு, நூற்று முப்பத்தெட்டு. இருபது வருடக் கைப்பழக்கம். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் ஆண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் பிரியாணி வாங்கித் தந்திருந்தார்கள். ஆறினால் நன்றாக இருக்காது.

அன்னக்கிளி கூப்பிட்டாள்தான். "சிஸ்டர், பிள்ளை அசையவே மாட்டேங்கு."

"மொதப் பிரசவம்னா அப்டித்தான். சும்மா கூவிக்கினு கெடக்காத."

நாலு பத்துக்கு டாக்டர் குழந்தையை இழுத்து எடுத்தார். அது அழவில்லை.

மாதங்கள் போயும் தலை நிற்கவில்லை. கால்கள் கத்திரிபோலப் பின்னிக்கொண்டன. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. குழந்தை வீடு திரும்பியதிலிருந்தே, என் ஊர் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய், என் கையால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். சிஸ்டர் என்றவள் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"யக்கா, பெரியாஸ்பத்திரில ஒருக்கா காட்டிருவமா?"

"இன்னாத்துக்கு அலையிற? ரெண்டு வயசு ஆவட்டும். தானா எழுந்து ஓடும் பாரு."

அங்கே போனால் முதலில் பிறந்த கதையைத்தான் கேட்பார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு என்பது, முன்பு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு நோட்டீஸிலிருந்து எனக்குத் தெரியும். அன்றோடு அந்தக் கெடு முடிந்தது. கேக் அதற்குத்தான். ஒரு விள்ளல் எடுத்துக் குழந்தை வாயில் வைத்தேன். புரையேறியது. தலையைத் தட்டிவிட்டு பஸ் ஏறினேன். மறு ஞாயிறு முதல் போகவில்லை.

அதுதான் நான் செய்த தப்பு. தொடர்ந்து போயிருந்தால் அவர்கள் எங்கேயும் போயிருக்க மாட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் மூளைவாதம் என்றார்களாம். ஆரம்பத்திலேயே பயிற்சி கொடுத்திருந்தால் இந்நேரம் உட்கார்ந்திருக்கும் என்றார்களாம். அப்புறம் உங்களிடம் வந்தார்கள். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிக் கொடுத்த அந்தத் துடிப்புத் தாளின் நகலோடு பேச்சிராஜ் என் வீட்டு வாசலில் நின்றான்.

"எங்க லைன்லயும் ஷிஃப்ட் முடியுத நேரம் செக் ஷீட்ட இப்பிடித்தான் ஒரே இழுப்பா நிரப்புவோம் சிஸ்டர். பாத்ததும் தெரிஞ்சிட்டு. ஆனா நாலு பத்துக்குப் பொறந்த பிள்ளைக்கு நாலரைக்கு வயித்துக்குள்ள துடிப்பு எழுதிருக்கிய. அது யாரு பிள்ளைக்குக் கேட்டிய?"

கூட வந்திருந்த அன்னக்கிளியின் இடுப்பிலிருந்த குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அவள் அதன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அங்க பாக்காத தாயி. கொள்ளி வச்ச கை அது."

பெரிய வார்த்தை. பொறுத்துக்கொண்டேன்.

கெடு தாண்டி வந்த தாமதத்தைக் கோர்ட் பொறுத்து வழக்கை எடுக்கச் சொல்லி மனுப் போட என் வாக்குமூலம் வேண்டும் என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். துடிப்பைக் கேட்காமலே எழுதியது நான். கெடு தாண்டும்வரை அவர்களை வீட்டில் உட்கார வைத்ததும் நான். தெரிந்தேதான் செய்தேன்.

கூடவே இதையும் எழுதுங்கள். இரண்டு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அந்தக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்காமல் விட்டதில்லை. அது மட்டும் செய்யாமலே செய்ததாக எழுதியது இல்லை, நிஜமாகவே செய்தது.