லிஃப்ட் பற்றிய பத்தியும் என் வீட்டுக்காரரும்

அவையைத் தலைமையேற்று நடத்திக்கொண்டு, என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடியே சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் பயிற்சி மையத்தின் முதல்வர் அம்மா அவர்களே, ஒரு சொல்லைச் சொன்னால் அதன் உடன்பிறந்த சொற்களையும் சேர்த்தே சொல்லி எங்களைத் திணறடித்த, அதனாலேயே 'சினானிம் மேடம்' என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் அன்போடு அழைத்த ஆசிரியை அவர்களே, அடுப்பையும் அலுவலகத்தையும் இரு தோளில் சுமந்து, மூன்றாவது தோள் இல்லாததால் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, நான் பேசத் தொடங்கிய பிறகும் சொற்பட்டியலை முணுமுணுத்துக்கொண்டிருக்கும் முதல் வரிசைத் தேர்வு வீரர்களே, வீராங்கனைகளே, உங்கள் அனைவருக்கும் குழம்பிய நெஞ்சிலிருந்து ஒரு கும்பிடு.

ஏன் குழப்பம் என்கிறீர்களா? வாசலில் பேனர் வைத்திருக்கிறார்கள். அதில் என் படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே 'வென்றவர் பேசுகிறார்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பேனரை என் மாமியாரிடம் கைப்பேசியில் காட்டினேன். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, பரீட்சை அவனுக்குத்தானே? உன் போட்டோவை எதுக்குப் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அத்தை கேட்டது நியாயமான கேள்வி. வென்றது யார்? வென்றது எதை? அதைத்தான் இந்த மேடையில் உங்களோடு சேர்ந்து தேடிப் பார்க்கப் போகிறேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயர்ந்த கட்டடங்களின் உச்சி அறைகளில், எண்ணெய் வாசனைக்கும் இயந்திர இரைச்சலுக்கும் நடுவே அவர் இளமை கழிந்தது. நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு வேலை இருக்கிறது என்று அவருக்குத் தகவல் வந்தது. அதற்கு ஆங்கில மொழித்திறன் தேர்வில் தேற வேண்டும். விசா ஏஜென்ட், "மேடமும் எழுதட்டும் சார், ரெண்டு பேரும் பாஸானா பாயின்ட் கூடும்" என்றார். அப்படி நுழைந்தவள்தான் நான். கச்சேரி அவருடையது, நான் பக்கவாத்தியம்.

பயிற்சி தொடங்கியது. எங்கள் வீடு வீடாக இருந்ததா? கண்ணாடியில் சொல், குளிர்பெட்டியில் சொல், அரிசி டப்பாவின் மூடியில் சொல். பல் துலக்கப் போனால் ஒரு வினைச்சொல், பாத்திரம் கழுவப் போனால் ஒரு பெயர்ச்சொல். காலையில் அவர் முகம் மழிப்பார். நான் அடுப்படியிலிருந்து கேட்பேன்.

"பேஷன்ட்னா என்னங்க?"

"நோயாளி."

"இன்னொரு அர்த்தம் இருக்கே."

"பொறுமைசாலி. ஆமா, ரெண்டும் எப்படி ஒரே வார்த்தையாச்சு?"

"தெரியல. எங்க லேபுக்கு வர்றவங்கள்ல ரெண்டுமா இருக்கிற ஆள நான் பார்த்ததே இல்ல."

தாய்மார்களே, இந்த மொழி எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமா? 'சாங்ஷன்' என்றால் அனுமதி என்று படித்தோம். அடுத்த பக்கத்தில் அதே சொல்லுக்குத் தண்டனை என்று போட்டிருந்தது. 'லீவ்' என்றால் விடுப்பு; 'லீவ்' என்றால் புறப்படு; 'லீவ்' என்றால் விட்டு வை. போவதா, விடுவதா, வீட்டிலேயே இருப்பதா? ஒரே சொல் மூன்று திசையில் இழுத்தால் பாவம், மனிதன் எந்தத் திசையில் நடப்பான்?

சொற்களாவது பரவாயில்லை. வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி வந்தது. ஒரு பத்தி கொடுப்பார்கள். அதன் கீழே சில வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு விடை எழுத வேண்டும். பத்தி அப்படிச் சொன்னால் சரி. பத்தி மறுத்தால் தவறு. பத்தி அதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் 'சொல்லப்படவில்லை'. இந்த மூன்றாவது விடைதான் என் கணவருக்கு எமனாக வந்தது.

ஒரு பயிற்சிப் பத்தியில் மலையில் விடாமல் மழை பெய்தது என்று இருந்தது. கீழே, 'ஆறு பெருகியது' என்று ஒரு வாக்கியம். அவர் 'சரி' என்று எழுதினார். சினானிம் மேடம் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"மேடம், அவ்வளவு மழை பேஞ்சா ஆறு பெருகாம என்ன செய்யும்?"

"பெருகியிருக்கும் சார். ஆனா பத்தியில இல்ல."

"இல்லாட்டி என்ன, எனக்குத் தெரியுதே."

"உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் பையோட வெளியில வெச்சுட்டு வாங்க. இங்க பத்திக்கு என்ன தெரியுமோ அதுதான் உங்களுக்கும் தெரியும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அறிவை வளர்க்கப் போன இடத்தில் அறிவைக் கழற்றி வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் தலை சுற்றாது? (மேடம் தலையை ஆட்டுகிறார். அவர் சொன்னது சரிதான், அதை நான் மறுக்கவில்லை.)

தேர்வு நாள் வந்தது. ஒரே கூடம். அவர் எனக்குச் சில வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். வாசிப்புத் தாளைத் திருப்பினேன். முதல் பத்தி பறவைகளைப் பற்றியது. இரண்டாவது ஏதோ ஒரு பழைய நூலகம். மூன்றாவதைப் பார்த்தேன். லிஃப்ட். ஒரு கட்டடம், அதில் ஒரு லிஃப்ட், அது எப்படி இயங்குகிறது என்று ஒரு பக்கம் முழுக்க. அவர் தோள்கள் தளர்வதைப் பின்னாலிருந்தே பார்த்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்காணிப்பாளர் மேசையைத் தட்டி அவரை முன்னால் பார்க்கச் சொன்னார்.

எனக்கோ அந்தப் பத்தியைப் பார்த்துக் கண்ணைக் கட்டியது. 'கவர்னர்' என்று ஒரு சொல் அதில் வந்தது. கவர்னர் என்றால் ஆளுநர் என்றல்லவா படித்திருந்தேன்? லிஃப்டுக்குள் ஆளுநருக்கு என்ன வேலை? எந்த மாடிக்குப் போகிறார்? திரும்பத் திரும்ப வாசித்தேன். வேகம் கூடினால் தடுக்கும் ஒரு கருவிக்குத்தான் அந்தப் பெயர் என்று பத்தியே மெல்ல மெல்லச் சொன்னது. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆகவே பத்தியின் கையைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு கேள்வியாக நடந்தேன்.

வெளியே வந்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "எனக்குன்னே போட்டிருக்கான். பத்தியப் படிக்கவே இல்ல, நேரா பதில் எழுதிட்டேன். நேரம் எவ்வளவு மிச்சம் தெரியுமா" என்றார். எனக்கு மேடத்தின் சிவப்பு மை நினைவுக்கு வந்தது.

முடிவு வந்தது. நான் தேறினேன். அவர் கேட்டதில் தேறினார், பேசியதில் தேறினார், எழுதியதில் தேறினார். வாசித்ததில் அரைப் புள்ளி குறைந்து நின்றுவிட்டார்.

இதற்கு ஒரு வீடு எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இனிப்பு வாங்குவதா, இழவு காப்பதா? எங்களுக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்து வீட்டாரிடம் "பாஸாயிட்டோம்" என்று சொன்னார். அந்தப் பன்மைக்குள் அவர் என்னைச் சேர்த்தாரா, தன்னைச் சேர்த்தாரா? ஏஜென்ட் மட்டும் குழம்பவே இல்லை.

"கவலைப்படாதீங்க சார். மேடம் பேர்ல போட்டுடலாம். லேப் டெக்னீஷியனுக்கு அங்க நல்ல டிமாண்ட்."

"அப்ப நானு?"

"நீங்களும்தான் போறீங்க சார். அதே பிளைட்டு."

அவர் அதன் பிறகு வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கோபம் என்றால் எனக்குப் புரியும். அது கோபமில்லை. மகளோடு விளையாடுவார், அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பார், என்னிடம் உப்பு இருக்கிறதா என்று கேட்பார். அவ்வளவுதான்.

ஒரு மதிய வேளையில் பொறுக்க முடியாமல் அவர் வேலை செய்யும் கட்டடத்துக்கே போனேன். மொட்டை மாடியில் இயந்திர அறை. இரும்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மோட்டார் பக்கத்தில் குந்தி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கந்தல் துணியை விரித்து உட்காரச் சொன்னார்.

"அந்தப் பத்தியில என்னதான் எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார்.

நினைவிருந்த வரை சொன்னேன். பாடம் கேட்பவர் போலக் கேட்டார்.

"கயிறு அறுந்தா கூண்டு கீழ விழும்னு ஒரு கேள்வி வந்துச்சே. நீ என்ன போட்ட?"

"சொல்லப்படலைன்னு போட்டேன். கயிறு அறுந்துபோறதப் பத்தி அதுல ஒரு வரிகூட இல்ல."

"நான் தவறுன்னு போட்டேன். விழாதும்மா. பிரேக் பிடிச்சுக்கும். என் கையாலேயே சோதிச்சுப் பார்த்திருக்கேன்."

"நீங்க சொல்றதுதான் நிஜம்."

"அப்ப நிஜத்தை எழுதினவன் ஃபெயிலு. அதைப் பத்தி ஒண்ணும் தெரியாத நீ பாஸு."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். பெரியோர்களே, அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவர் சொன்னதும் சரி, தேர்வு சொன்னதும் சரி என்றால் பிழை எங்கே போய் உட்கார்ந்துகொண்டது? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.

பிறகு அவர், "நான் மறுபடி எழுதுறேன். அதுவரைக்கும் உன் பேர்ல போட வேணாம், பொறுத்துக்கோ" என்றார். காத்திருந்தால் எனக்கிருக்கும் இடம் போய்விடும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அது அவருக்கும் தெரியும். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் வெளியே வந்தது வேறு.

"எனக்குக் காத்திருக்க இஷ்டம் இல்லைங்க."

யார் பேசியது? நானா? எனக்கு அங்கே போக வேண்டும் என்று ஆசை இருக்கிறது என்பதே அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் எழுந்தார். பழுது பார்த்து முடித்த லிஃப்ட் அங்கேயே நின்றிருக்க, படிக்கட்டில் இறங்கிப் போனார்.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில், "கிளம்பு, ஏஜென்ட் ஆபீஸுக்குப் போகலாம்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வழி நெடுக அவர் முகத்தை வாசித்துப் பார்த்தேன். வாசிப்பில் தேறியவள் நான், எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை.

ஏஜென்ட் புதிய படிவத்தை எங்கள் முன் வைத்தார். மேலே என் பெயர். கீழே ஒரு சொல், அதற்கு எதிரே அவர் பெயர். அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, "டிபென்டன்ட்" என்று வாசித்தார்.

"அது சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்றார் ஏஜென்ட்.

"அர்த்தம் தெரியும் தம்பி. சார்ந்திருப்பவர். பொழப்புக்கு இன்னொருத்தர நம்பி இருக்கிறவர்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பரீட்சைக்கு முன்னாடி என் பேர்ல ஒரு ஃபாரம் போட்டோமே. அதுல இந்த இடத்துல யார் பேரு இருந்துச்சு?"

"என் பேருதான்."

"கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"அர்த்தம் தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான். அந்த வாரம்தான் ரெண்டு பேரும் அந்த வார்த்தையப் படிச்சோம்."

"அப்பவும் நீ வேலைக்குப் போயிட்டுத்தானே இருந்த?"

"ஆமா."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்க கேக்கலைங்க."

அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"சரியான இடத்துலதான் போட்டிருக்கேனான்னு பாத்துச் சொல்லு. எனக்கு வாசிப்புல மார்க் கம்மி."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

அன்பு நிறைந்த அவையோரே, சொல்லின் பொருளை அகராதியில் அறிகிறோம்; கண்ணாடியில் ஒட்டி அறிகிறோம்; காலையில் கேட்டு மாலையில் ஒப்பித்து அறிகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்கு எதிரே நம் பெயர் வந்து உட்காரும்போது, அது வேறு எடை எடுக்கிறதே, அந்த எடையை எந்தப் பட்டியல் சொல்லும்? இங்கே இருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன்: எத்தனை படிவங்களில், எத்தனை சொற்களுக்கு எதிரே, பொருள் தெரிந்தே பேனாவைப் பிடித்திருக்கிறீர்கள்? ஒருவராவது 'உனக்கு இது சம்மதமா' என்று கேட்டாரா? கேட்காவிட்டால் என்ன, நாம் சொன்னோமா? படியுங்கள். பத்தியைப் படியுங்கள், படிவத்தைப் படியுங்கள், பக்கத்தில் இருப்பவர் முகத்தையும் படியுங்கள். புரியாத இடத்தில் நின்று, புரியவில்லை என்று சொல்லிக் கேளுங்கள். புரிந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

அடுத்த மாதம் நாங்கள் புறப்படுகிறோம். அங்கே அவருக்கு வேலை கிடைக்குமா, நான் தாக்குப்பிடிப்பேனா, மகள் எந்த மொழியில் கனவு காண்பாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர் மீண்டும் இந்த மையத்தில் சேர்ந்திருக்கிறார். இனி அந்தத் தேர்வு அவருக்குத் தேவையே இல்லை. ஏன் என்று கேட்டால், "அந்த அரைப் புள்ளி எனக்கு வேணும்" என்கிறார். கடைசி வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார்.

கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்ட முதல்வர் அம்மாவுக்கும், அடித்துத் திருத்திய சிவப்பு மைக்கும், குழப்பத்தோடு வந்தவளைக் கனிவோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. அடுத்த தேர்வில் உங்கள் எல்லோருக்கும் நல்ல பத்திகள் வரட்டும். வணக்கம்.