டூவேனின் பேச்சு மாறிய பிற்பகல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகத் தலைவி லூடெல் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, இறைச்சி ஆலையில் நின்று நின்று வீங்கிய கால்களோடு நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, சோமாலியாவிலும் குவாத்தமாலாவிலும் பிறந்து இந்த நெப்ராஸ்காக் காற்றுக்குத் தாக்குப்பிடித்து நிற்கும் என் மாணவச் செல்வங்களே, உங்கள் ஆங்கில ஆசிரியை மார்லிஸின் களைத்த வணக்கம்.

ஆம், களைத்த வணக்கம்தான். "வகுப்புக்கு வாருங்கள், வந்தவரோடு வாய்விட்டுப் பேசுங்கள், வாய் திறப்பவர்க்குச் செவி கொடுங்கள்" என்று ஆண்டுதோறும் இதே மேடையில் கூவிக் கூவிக் குரல் கம்மிவிட்டது. கைதட்டினீர்கள். காப்பி குடித்தீர்கள். கலைந்தீர்கள். ஆகவே இன்று புத்திமதி இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தானியக் கிடங்கில் உழைத்து ஓய்வு பெற்ற டூவேனை அறியாதார் இங்கு உண்டோ? போன இலையுதிர்காலத்தில் அவர் மனைவி ஆர்டிஸ், பிடித்துத் தள்ளாத குறையாக அவரை மாணவர்களுக்குப் பேச்சுத் துணையாக வகுப்புக்கு அனுப்பிவைத்தார். மாலை வேலைக்குப் போகுமுன் படிக்க வரும் ஹபோன் என்ற சோமாலியப் பெண்ணை அவருக்கு எதிரே உட்கார வைத்தேன். ஹபோன் நன்றாக எழுதுவாள், வாசிப்பாள். ஆனால் யார் என்ன பேசினாலும் தலையாட்டிவிடுவாள். டூவேனோ மீசைக்குள்ளேயே பேச்சைத் தொடங்கி, மீசைக்குள்ளேயே முடிப்பவர்.

"ஏம்மா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அப்ப நான் என்ன சொன்னேன்?"

அதற்கும் தலையாட்டினாள்.

"புரியலைன்னா புரியலைன்னு சொல்லும்மா. நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?"

சில வாரம் கழித்து அவள் துணிந்தாள். "ஐயா, மறுபடி சொல்லுங்க. உங்க மீசைக்கு நல்லாக் கேக்குது. எனக்குத்தான் கேக்கல."

சிரித்த சிரிப்பில் அவர் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அன்றிலிருந்து குளிர்காலம் முழுதும் பேச்சுதான். மாட்டுச் சந்தை, பனிப்புயல், அவள் பிள்ளைகளின் சேட்டை. அவர் சொன்னதை அவள் திருப்பிச் சொல்வாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கமாட்டார். கேட்கக் கற்றாள் அவள். காத்திருக்கக் கற்றார் அவர்.

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல். நாற்காலி எடுக்க உள்ளறைக்குப் போயிருந்தேன். திரும்பியபோது ஹபோன் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையில் சாய்ந்திருந்தார் டூவேன். அவசர உதவிக்கு அழைத்திருக்கிறாள். எதிர்முனையில் ஒருத்தி படபடவென்று பொரிந்து தள்ளுகிறாள். நான் கை நீட்டினேன். ஹபோன் தொலைபேசியைத் தரவில்லை.

"மெதுவாக் கேளுங்க. நான் இங்கிலீஷ் படிக்கிறவ. மறுபடி சொல்லுங்க."

"என்ன ஆச்சு?"

"இந்த ஐயாவோட பேச்சு மாறிப்போச்சு."

"குடிச்சிருக்காரா?"

"இல்ல. குளிர்காலம் பூரா இவர் பேச்சைக் கேட்டிருக்கேன். இது இவர் பேச்சு இல்ல. நூலகம், கீழ்த்தளம். சீக்கிரம் வாங்க."

வந்தார்கள். மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். உயிர் பிழைத்தது. அவர் முழுதும் தேறிவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தேறவில்லை, தோழர்களே. கோப்பையைக் காட்டினால் கதவு என்கிறார். சொல் தவறியது தெரிந்து கண் கலங்குகிறார். ஹபோன் தன் விடுமுறை நாளில் போய் எதிரே அமர்கிறாள். ஆர்டிஸ் என்னிடம் சொன்னார்: "நான் அவசரப்பட்டு அவர் சொல்ல வந்ததை நானே சொல்லிடறேன், மார்லிஸ். இவ சொல்ல மாட்டா. காத்துக்கிட்டு இருப்பா."

பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள். "எங்களுக்கு இலக்கணம் தெரியாதே" என்கிறீர்களா? இலக்கணமா கேட்டேன்? ஒலிநாடாவோடு பேசிப் பேசி ஒரு மனிதர் வாய் திறக்கக் கற்பாரா? புன்னகைத்துத் தலையாட்டும் முகத்தைப் பார்த்து, புரிந்துவிட்டது என்று நகர்கிறோமே, அந்த முகத்துக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று என்றைக்காவது கேட்டோமா? உங்கள் திறமை வேண்டாம். உங்கள் தேர்ச்சி வேண்டாம். உங்கள் பேச்சு வேண்டும், உங்கள் பொறுமை வேண்டும், செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் உங்கள் செவி வேண்டும்.

டூவேன் அமர்ந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதில் அமர யார் வருகிறீர்கள்?

எல்லாக் கையும் மடியிலேயே இருக்கிறது. இதுவும் எனக்குப் பழக்கம்தான்.

அதோ ஒரு கை. விளக்கொளியில் கண் கூசுகிறது... ஆர்டிஸ், நீங்களா? வீட்டில் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?

என்ன சொன்னீர்கள்? இரைச்சலில் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்.

"அவரையும் கூட்டிட்டு வரேன்."

வாருங்கள். இருவருக்கும் இடம் இருக்கிறது. பொறுமையோடு செவிமடுத்த அவையோரே, உங்களுக்கு என் நன்றி. இன்னும் கை தூக்காதவர்களுக்கும் என் வணக்கம்.