வடக்குப் பக்கம், ஒன்பது மணிக்கு

— மூச்சை இழுத்துப் பிடிங்க சார். இன்னும் ஒரே இழுப்பு, டைவிங் டிரஸ் ஜிப் ஏறிடும்.

— இழுத்தாச்சு மாஸ்டர். இதுக்கு மேல இழுத்தா தொப்பை முதுகுப் பக்கம் வந்துடும்.

— நாப்பது வயசு அளவையே இன்னும் சொல்லிட்டுத் திரிஞ்சா வேற எப்படி ஏறும்? கடையில மாட்டிப் பார்த்து எடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேங்க.

— நீ படகுல உக்காந்து வேடிக்கைதானே பாக்கப் போற? அதைப் பேசாம பாரு.

— சண்டை அப்புறம் வச்சுக்கலாம் அக்கா. சார், இந்தக் கண்ணாடியில எச்சி துப்பித் தேச்சு விடுங்க, இல்லைன்னா உள்ள ஆவி படியும். இப்ப எடைப் பட்டை. உங்களுக்கு ரெண்டு ஈயக் கட்டி கூடவே போடணும்.

— எனக்கா? நான் சும்மா விழுந்தாலே நேரா அடிக்குப் போயிடுவேனே.

— கொழுப்பு மிதக்கும் சார்.

— இவர் கொழுப்பு எனக்கு இருபத்தாறு வருஷமாத் தெரியும் தம்பி. மிதக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது.

— சிரிச்சுக்கோ. மாஸ்டர், எங்க இறங்கறோம்?

— தீவுக்கு வடக்குப் பக்கம், ஒன்பது மணிக்கு. கையேட்டுல போட்டிருக்கே. அப்பதான் நீரோட்டம் அடங்கி இருக்குமாம், பவளப் பாறையும் அங்கதான் அழகாம். அதோ பாருங்க, ஆறு படகு கிளம்பிடுச்சு.

— அவங்களும் அதைப் படிச்சுட்டா போறாங்க?

— எல்லாருமே சார். எவரோ பெரிய முத்துக் குளிக்கிறவர் எழுதியிருப்பார் போல.

— ஏங்க, முகம் ஏன் இப்படி வெளுக்குது?

— மாஸ்டர், அதை எழுதினது நான்தான்.

— அதைப் போய் இப்படி முழுங்கி முழுங்கிச் சொல்றீங்க? தம்பி, சுற்றுலா கம்பெனியில கையேடு எல்லாம் இவர்தான் எழுதறார்.

— எட்டாவது மாடியில ஏசியில உக்காந்து எழுதினேன். கடல்ல நான் முழங்கால் வரைக்கும்தான் இறங்கியிருக்கேன். அதுவும் செருப்பு போயிடுச்சேன்னு தேடப் போனது.

— அப்ப அந்த ஒன்பது மணி?

— எட்டுன்னா ஜனங்க எழுந்திருக்க மாட்டாங்க, பத்துன்னா வெயில். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

— வடக்குப் பக்கம்?

— மேனேஜர் மத்தியானத்துக்குள்ள வேணும்னார். அவசரத்துல வரைபடத்தைத் தலைகீழாப் பிடிச்சுட்டேனோன்னு பன்னெண்டு வருஷமா சந்தேகம். வந்து பாத்துடலாம்னா தண்ணின்னாலே எனக்கு உதறும், இன்னைக்குத்தான் துணிஞ்சு கிளம்பினேன்.

— அடப்பாவி மனுஷா. கல்யாண வீட்டுல எல்லாம் கடலைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி பேசுவீங்களே.

— அது என் வாய். கால் வேற கட்சி. மாஸ்டர், வயர்லெஸ்ல சொல்லி அந்த ஆறு படகையும் நிறுத்துங்க. யாரையாவது தண்ணி இழுத்துட்டுப் போச்சுன்னா என்னால தாங்க முடியாது. எழுதினவன் ஒரு முட்டாள்னு என் பேரையே சொல்லுங்க, பரவாயில்லை.

— உக்காருங்க சார், படகு ஆடுது. வடக்குப் பக்கம் நீரோட்டமே கிடையாது. குளம் மாதிரி கிடக்கும். ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழாது.

— நிஜமாவா? அப்பாடா. பவளம்?

— பேருக்குக்கூடக் கிடையாது. மணலும் ஒரு பழைய டயரும்தான்.

— ஒரு டயரைப் பாக்கவா தம்பி இத்தனை பேர் போறாங்க?

— பாத்துட்டு வந்து பிரமாதம்னும் சொல்வாங்க அக்கா. கையேட்டுல போட்டிருக்கே.

— அப்ப பவளம் தெற்குப் பக்கம். நான் தலைகீழாத்தான் பிடிச்சிருக்கேன். பன்னெண்டு வருஷமா ஊரையே டயர் பாக்க அனுப்பியிருக்கேன். வெக்கமா இருக்கு மாஸ்டர். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையா தெற்குன்னு மாத்திடறேன்.

— வேண்டாம் சார், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். முன்னாடி எல்லாரும் தெற்குப் பக்கம்தான் இறங்கி மிதிச்சாங்க, பாறை மொத்தமும் செத்துப்போய்க் கிடந்துச்சு. நீங்க தப்பா எழுதினதுக்கு அப்புறம்தான் அதுக்கு உயிரே வந்திருக்கு.