படகுப் பாட்டில் வந்த ரயில்

— நிறுத்து எட்மண்டு. மறுக்காப் போடு.

— எத்தன தடவைதான் போடுறது நாச்சிமுத்து அண்ணே? டேப் தேஞ்சு போயிரும். இது குந்தா ஊர்ப் பாட்டுக் குழுக்காரங்க கேசட்டு. திருவிழாவுக்கு விக்கிறதுக்காக என்கிட்ட காப்பி போடக் குடுத்தது. இதுல ஒரு விசயம் இருக்கு, காட்டலாம்னு உங்களைக் கூப்பிட்டேன். நீங்க என்னடான்னா மூஞ்சி வெளுத்துப்போய் உக்காந்திருக்கீங்க.

— மொதல்ல நீ கண்டுபுடிச்சதைச் சொல்லு. எனக்குத் தட்டுப்பட்டதை அப்புறம் சொல்றேன்.

— சரி, காதைக் குடுங்க. இது மாரியம்மன் பாட்டு. உடுக்கை, பம்பை எல்லாம் முழங்குது. ஆனா சரணத்துக்கு முன்னாடி புல்லாங்குழல் மட்டும் தனியா ஒரு ஓட்டம் ஓடுது பாருங்க, அது எங்கேருந்து வந்தது? நம்ம படகுப் பாட்டு. சிலோன் ரேடியோவுல சாயங்காலம் போடுவானே, அதுல வயலின் வாசிச்சதை இதுல குழல் வாசிக்கிறவரு குழலுக்கு மாத்தியிருக்காரு. அம்மன் பாட்டுக்குள்ள காதல் பாட்டு. பூசாரிக்குத் தெரிஞ்சா வேப்பிலையாலயே சாத்துவாரு.

— இதென்ன பெரிய அதிசயம். பாட்டுக்காரன்ல எவன் எடுக்காம உட்டான்? தாலாட்டுல இருந்து டூயட்டு, டூயட்டுல இருந்து பஜனை. எடுத்தவனுக்கே தெரியாது, எங்க கேட்டோம்னு.

— அதை யாரு சொல்றது? கோரஸ்ல ஒரு புள்ள எல்லாருக்கும் முந்தி வாயைத் தொறந்துருதுன்னு கண்டுபிடிச்ச ஆளு நீங்க. நானும் நம்பாம, கடையில இருக்கற இசைத்தட்டையெல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வேற வேற கம்பெனி, வேற வேற மியூசிக் டைரக்டர். அவசரம் மட்டும் அதே அவசரம். ஒரே புள்ளதான்.

— பாவம், அந்தப் புள்ளைக்குக் கடைசி பஸ்ஸை உட்டறக் கூடாதுன்னு பயம்.

— பேச்சை மாத்தாதீங்க. இப்பத்தான் விசயத்துக்கே வர்றேன். குழல் ஓடி முடியுது, தபேலா இன்னும் எடுக்கலை, அந்த இடுக்குல கேளுங்க. 'கூ'ன்னு நீளமா ஒண்ணு. மறுபடி நீளமா ஒண்ணு. கடைசியா உடைஞ்சு போன மாதிரி குட்டியா ஒண்ணு. படகுப் பாட்டுல அது கிடையாது. தட்டு இங்கதான் இருக்கு, வேணும்னா போட்டுக் காட்டறேன்.

— வேண்டாம். தட்டுல இல்லைன்னு எனக்குத் தெரியும்.

— அப்ப இவரா சேர்த்துக்கிட்டாரா? சேர்த்த மாதிரியே இல்லையே அண்ணே. ராகத்துலயும் நிக்கலை, தாளத்துலயும் நிக்கலை. ஆனா மனப்பாடம் பண்ணினவர் மாதிரி கொஞ்சம்கூடத் தயங்காம வாசிக்கிறாரு. அதான் மண்டையைக் குடையுது. இந்தக் 'கூ' எந்தப் பாட்டுல இருந்து வந்தது? நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாத பாட்டு ஒண்ணு இருக்கா?

— பாட்டுல இருந்து வரல எட்மண்டு. என்ஜின்ல இருந்து வந்துது.

— என்ஜினா?

— நம்ம மலை ரயிலு. இப்ப ஊட்டிப் பக்கம் டீசலைப் போட்டுட்டாங்க, அது மாடு கத்தறாப்புல கத்திட்டுப் போகுது. அப்பெல்லாம் நீராவி. அருவங்காட்டு வளைவுக்கு மேலதான எங்க ஃபேக்டரி குவாட்டர்ஸு. அம்புரோஸ்னு ஒரு டிரைவரு. அந்த ஆளு விசில் சங்கிலியை இழுத்தா இப்படித்தான், ரெண்டு நீளம், கடைசீல ஒரு கேவலு. மத்த டிரைவருக யாருக்கும் அந்தக் கேவலு வராது. லைன்ல இருக்கற பொம்பளைக எல்லாம் அம்புரோசு வந்தாச்சுன்னு அடுப்பைப் பத்த வெப்பாங்க.

— சரிண்ணே. ரயில் கூவுறதை யாரு வேணாலும் குழல்ல வாசிக்கலாமே. குந்தாவுல இருந்து மார்க்கெட்டுக்கு வந்திருப்பாரு, கேட்டிருப்பாரு, புடிச்சிருக்கும்.

— வாசிக்கட்டும். படகுப் பாட்டோட வாலைப் புடிச்சுட்டு எதுக்கு வாசிக்கறாரு? அந்த வயலினு முடிஞ்சு தபேலா எடுக்கறதுக்குள்ள அம்புரோசு கூவுனது இந்த ஒலகத்துல ஒரே ஒரு எடத்துலதான் இருந்துது. என்ர டேப்புல.

— அண்ணே. அந்த டேப்பா?

— அதேதான்.

— உங்க சம்சாரம் மருதாம்பாக்கா கதையில பாதிதான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருசமும் அக்கா திதி அன்னைக்கு ஆரம்பிப்பீங்க, டேப்புன்னு ஒரு வார்த்தை வரும், எந்திரிச்சுப் போயிருவீங்க.

— பாதிக்கு மேல எனக்கும் தெரியாதே, அதனாலதான். கேளு. ரேடியோவுக்கு முன்னால டேப் ரிக்கார்டரை வெச்சு, மைக்கை ஒரு டம்ளர்ல சாய்ச்சு நிறுத்தி, ஊட்டுல ஒருத்தரையும் மூச்சு உடாம இருக்கச் சொல்லிப் பாட்டுப் புடிக்கற காலம் அது. ஒரு தும்மலு உழுந்தாக்கூட எனக்கு ஆகாது. அழிச்சுப் போட்டுட்டு, மறுபடி அந்தப் பாட்டை எப்பப் போடுவான்னு காத்துக் கெடந்து புடிப்பேன். அதுக்கே மருதா சிரிப்பா. அன்னைக்குச் சாயங்காலம் மானத்துல மேகமே இல்ல. படகுப் பாட்டு மொத தடவையாக் கொரகொரப்பு இல்லாம வருது. அந்த நேரம் பார்த்து அம்புரோசு கூவறான். எனக்கு வந்த கோவத்துக்கு அந்த ஆளு கைல கெடச்சிருந்தா என்ன பண்ணியிருப்பனோ. மருதா அடுப்படில இருந்து வந்து நின்னு என்னமோ சொன்னா. நான் மூஞ்சியக்கூடத் திரும்பிப் பாக்கல. பேசாதன்னு கையைக் காட்டினேன். பாட்டு முடிஞ்சதும் ராத்திரி ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு சட்டையை மாட்டிட்டு ஓடிட்டேன்.

— திரும்பி வந்தப்போ?

— காலைல வந்து பாத்தா ஊட்டுல ஆளில்ல. பக்கத்து ஊட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. தலைக்குள்ள நரம்பு வெடிச்சுருச்சுன்னு டாக்டரு சொன்னாரு. நான் போய் நின்னப்போ கண்ணு தொறந்துதான் இருந்துது. பேச்சு இல்ல. மத்தியானம் போயிட்டா.

— அக்கா என்ன சொன்னாங்கன்னு டேப்புல விழுந்திருக்குமே அண்ணே. போட்டுக் கேக்கவே இல்லையா?

— கையை வெச்சேன், எடுத்துட்டேன். 'தல வலிக்குதுங்க'ன்னு அதுல இருந்துச்சுன்னா? அதைக் கேட்டுட்டு நான் எப்படிச் சோறு திங்கறது? காரியம் முடிஞ்ச கையோட மிஷினையும் டேப்பையும் சேர்த்துப் பழைய சாமான் கடைல குடுத்துட்டேன். ரெண்டு நாளு இருப்புக் கொள்ளல. போய்க் கேட்டா வித்துப் போட்டாங்க. அதுல இருந்து ரெண்டு பயமும் எனக்குள்ள இருக்குது. அவ சொன்னது தெரிஞ்சுருமோன்னு ஒண்ணு, தெரியாமயே போயிருவேனோன்னு ஒண்ணு. போட்டோ ஒண்ணு இருக்குது. கொரலு இல்ல. நெனச்சு நெனச்சுப் பார்க்கறேன், வர மாட்டீங்குது.

— இப்பத்தான் எனக்கு ஒண்ணு புரியுது. எல்லாரும் பாட்டைக் கேப்பாங்க. நீங்க பாட்டுக்குப் பின்னாடி இருக்கறதையே கேப்பீங்க. எவனோ இருமுனது, நாற்காலி நகர்ந்தது, கோரஸ் புள்ளையோட அவசரம். எனக்கு இது பைத்தியமாத் தெரிஞ்சுது, நானும் கூடச் சேர்ந்து பைத்தியமானேன்.

— போதும் போ. குடையை எடு, நான் ஊட்டுக்குப் போறேன்.

— குடுக்க மாட்டேன். ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்தக் குழல் வாசிச்சவரு இன்னைக்குக் காப்பி வாங்க வர்றேன்னு சொல்லியிருக்காரு. ஈபில வேலை, சுடலைமுத்துன்னு பேரு. பாருங்க, எதுத்தாப்புல நனைஞ்சுக்கிட்டே வர்றது அவருதான். நீங்க பேச வேண்டாம். நான் கேக்கறேன், நீங்க சும்மா உக்காந்திருங்க. வாங்க சுடலைமுத்து, உள்ள வாங்க.

— என்ன மழைங்கீய எட்மண்ட் சார். எமரால்டுல பஸ் ஏறும்போதே இருட்டிட்டு. கேசட்டெல்லாம் ஆயிட்டா?

— ஆச்சு ஆச்சு. உக்காருங்க. இவரு நாச்சிமுத்து அண்ணன், அருவங்காட்டு ஃபேக்டரில ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. பாட்டுன்னா எங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கு. இவ்வளவு நேரம் உங்க குழலைப் பத்தித்தான் தகராறு.

— தகராறா? அபசுரமா எதுவும் விழுந்துட்டா அண்ணாச்சி?

— அதெல்லாம் இல்லீங்க தம்பி. நல்லா வாசிச்சிருக்கீங்க.

— சரணத்துக்கு முன்னாடி கடைசியா ஒரு 'கூ' வருதே சுடலைமுத்து, அதை எங்க புடிச்சீங்க?

— அதைக் கேட்டியன்னா நீங்க சிரிப்பீய. எங்கய்யாவுக்குக் குந்தா பவர் ஹவுஸ்ல வேலை. நாலு பக்கமும் மலை, நடுக்குழியில குவாட்டர்ஸு. ரேடியோவை எந்தப் பக்கம் திருப்புனாலும் இரைச்சல்தான். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்கய்யா குன்னூர்ல பழைய சாமான் கடையில ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிட்டு வந்தாவ. உள்ள ஒரே ஒரு கேசட்டு கிடந்துச்சு. வேற கேசட்டு வாங்க எங்களுக்கு வசதியும் இல்ல, அதனால அதுதான் பாட்டு. பல்லு விளக்கும்போதும் அது, சோறு திங்கும்போதும் அது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் குழலே படிச்சேன். அதுல அந்தக் 'கூ' உண்டு சார்.

— பாட்டுல உள்ளதுன்னு நெனச்சுக்கிட்டீங்க.

— பொறவு என்ன நெனைப்பேன்? குந்தாவுல ரயில் ஏது? பெரியவனான பொறவு மேட்டுப்பாளையத்துல ஒரு டீக்கடையில அதே பாட்டு ஓடுது, 'கூ'வைக் காணோம். கடைக்காரர்ட்ட போயி, 'என்னய்யா, பாட்டை வெட்டிப் போட்டிருக்கீரு'ன்னு மல்லுக்கு நின்னேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு. டீயைக் குடிச்சுட்டு நேரா குன்னூர் வந்தா, ஸ்டேஷன்ல நீராவி என்ஜின் கூவுது. அடப்பாவி, இது நம்ம பாட்டுல உள்ளதுல்லா, இந்த என்ஜின் எங்க போய்ப் படிச்சுதுன்னு அப்படியே நின்னுட்டேன்.

— அண்ணே, கேட்டீங்களா? பாட்டைப் பார்த்து என்ஜின் காப்பியடிச்சிருக்கு.

— அந்தக் கேசட்டு இப்ப எங்கீங்க தம்பி இருக்குது?

— போயிட்டு அண்ணாச்சி. மழைக்காலத்துல பூஞ்சை புடிச்சு, ஒருநாள் மிஷின் நாடாவைத் தின்னுட்டு. நானும் ஒட்டிப் பார்த்தேன், துண்டு துண்டாப் போச்சு. குப்பையில போட மனசில்லாம எங்கம்மா ஆத்துல விட்டுட்டா.

— ஆத்துல உட்டாச்சா.

— அண்ணே, டீ சொல்லட்டுமா?

— வேண்டாம் எட்மண்டு.

— ஏன் அண்ணாச்சி, ஒரு மாதிரி ஆயிட்டிய? அந்தக் கேசட்டு உங்களுக்குத் தெரியுமா?

— அது என்ர டேப்புங்க தம்பி. என்ர ஊட்டுல, என்ர ரேடியோவுல இருந்து புடிச்சது. கூவுனது அம்புரோஸ்னு ஒரு டிரைவரு.

— நெசமாவா சொல்லுதிய? அப்ப, 'கூ'வுக்குப் பொறவு ஒரு அம்மா பேசுவாவல்லா, அவிய...

— சுடலைமுத்து, கொஞ்சம் இருங்க. அண்ணே, நீங்க வேண்டாம்னா இவரு சொல்ல மாட்டாரு. இந்தாங்க குடை. இப்பவே போறதுன்னாலும் போங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

— குடையை வெய்யி. அவ என்ர சம்சாரம் தம்பி. அன்னைக்கு அவ சொன்னது எனக்குக் காதுல உழுகல. டேப்புல நல்லாக் கேக்குமா?

— ஒரு எழுத்து விடாம கேக்கும் அண்ணாச்சி. எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். எங்கக்காமாரு அவிய பேசுன மாதிரியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவாளுவ. யாரு பெத்த பிள்ளையோ, கேலி பண்ணாதியட்டீன்னு எங்கம்மா ஏசுவா. பேரு தெரியாதுல்லா, அதனால பாட்டுக்காரம்மான்னு சொல்லுவோம்.

— அவ பேரு மருதாம்பா. கொரலு எப்படி இருந்துது?

— கொஞ்சம் கம்முன குரலு. பேசிக்கிட்டு இருக்கும்போதே சிரிப்பு வந்திரும், அடக்கிக்கிட்டுப் பேசி முடிப்பாவ.

— சிரிச்சாளா?

— சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாவ. அது முடியறதுக்குள்ள 'ச்சு'ன்னு ஒரு ஆம்பளைச் சத்தம். எங்கக்காமாருக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது.

— அந்த ஆளு நான்தானுங்க.

— ஐயோ, தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணாச்சி.

— பரவால்ல. எனக்கும் அந்த ஆளைக் கண்டா ஆகாது.

— அண்ணே, அக்கா சிரிச்சிருக்காங்க. வலின்னா சிரிச்சுக்கிட்டா சொல்லுவாங்க?

— சொல்லுவா எட்மண்டு. உனக்கு அவளைத் தெரியாது. கையில எண்ணெய் தெறிச்சாக்கூடச் சிரிச்சுட்டுத்தான் வந்து காட்டுவா. சொல்லுங்க தம்பி. எதுவா இருந்தாலும் சரி. அவ சொன்னாப்புலயே சொல்லுங்க.

— எங்க குழுவுல மாணிக்கம்னு ஒருத்தன், இந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவன். அம்மன் பாட்டுல என்னடே ஒரு ஊளை, எடுத்திருன்னான். நான் மாட்டேன்னுட்டேன். ரெண்டு நாளு எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல. அவிய அவ்வளவு ஆசையாச் சொன்ன பொறவு நான் எப்படி எடுக்க முடியும்?

— என்ன சொன்னா?

— 'ஏனுங்க, ரயிலும் சேர்ந்து பாடிட்டுப் போகுது, இதை மட்டும் அழிச்சுப் போட்டறாதீங்க.'