வரப்பில் ஓடிய பட்டாளம்

பள்ளிக்கூடம் போகாமலே பத்துக் காணி சம்பாதித்தவன் நான், எதற்கும் பயந்ததில்லை. வில்லியனூர் ரயிலில் கேட்ட பேச்சு என்னையே உலுக்கிவிட்டது. எதிரே இருந்தவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பயிற்சி முடித்து, மறுநாள் சண்டைக்குக் கப்பலேறப் போகிறவன். பக்கத்தில் அவன் மச்சான்.

“பயிற்சியில ஒரு நாளு, பரவி ஓடுங்கடான்னான் வெள்ளக்காரத் தொரை. எதிர்ல, நட்டு மூணு நாளான வயலு. நாப்பது பேரும் வரப்பு மேலயே வரிசையா ஓடனோம்.”

“அய்யே! பயிர மிதிக்கக் கூடாதுன்னா?” மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான்.

“தொரையும் சிரிச்சான்பா. ‘நெசச் சண்டைன்னா ஒரே துப்பாக்கி போதும், அத்தினி பேரும் செத்தீங்க’ன்னான். திரும்ப ஓடவுட்டான்.”

“அப்பவாவது வயல்ல எறங்கனியா?”

“இல்ல மச்சான். காலு தானா வரப்புக்கே போச்சு. அதான் பயமா கீது.”

மச்சான் சிரிப்பை நிறுத்தி அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். புதுச்சேரி வந்தும் விடவில்லை.